மெல்ச்சோர் சிர்ப்பாவை நேரில் ஆஜர்படுத்தவும்

எனக்கு வந்த சம்மனில் ஒரு பிழைகூட இல்லை. பயம் அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் லா பாஸ் நகரத்தில் அரசாங்கக் கடிதத்துக்கு என்று ஒரு லட்சணம் உண்டு. பெயர் தப்பாக இருக்கும். தேதி போன வருஷத்தியதாக இருக்கும். வாக்கியம் எங்கேயோ கிளம்பி எங்கேயோ போய் முட்டிக்கொண்டு நிற்கும். படித்தவுடன் மனசு லேசாகிவிடும். இது நமக்கு வந்ததில்லை, வேறு யாருக்கோ வந்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இந்தக் கடிதத்தில் நேலிதா போமா என்ற என் பெயர் சரியாக இருந்தது. என் அடையாள அட்டை எண் சரியாக இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் என்ற தேதிகூட அன்றைக்கு உள்ள தேதிதான்.

“தாங்கள் எழுதி, கைபேசி வழியே பொதுமக்களுக்குப் பகிர்ந்த ‘நிலக்கடலை சூப்’ என்னும் எழுத்தில், மெல்ச்சோர் சிர்ப்பா என்பவர் தன் கூட்டாளிக்கு சூப்பில் விஷம் வைத்துக் கொன்றுவிட்டுப் பேருந்தில் ஏறிச் சென்றதாகத் தெரிகிறது. அதன் பின் அவர் பிடிபட்டதாகத் தகவல் இல்லை. எனவே இவ்விவகாரம் நிலுவையில் உள்ளது. ஜனவரி 24 நண்பகல் பன்னிரண்டு மணிக்குள் மெல்ச்சோர் சிர்ப்பாவை நேரில் ஆஜர்படுத்தவும். தவறினால் அவருக்குப் பதிலாகத் தாங்களே காவல் துறையிடம் ஒப்படைக்கப்படுவீர்கள். தங்கள் பொறுமையே எங்கள் அஸ்திவாரம்.”

கொலைக்கு எங்கள் நாட்டில் முப்பது வருஷம். மன்னிப்பு கிடையாது.

அந்தக் கதையில் மெல்ச்சோரை நான் ஆசை ஆசையாக எழுதியிருந்தேன். இடது புருவத்தில் ஒரு தழும்பு. சத்தமே வராத குரல். அடுத்தவர் சூப்பைத் தானே ஊதி ஆற்றிக் கொடுக்கிற நல்ல மனசு. கடைசி வரி: மெல்ச்சோர் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். அவ்வளவுதான். வாசகர்களே மிச்சத்தை யோசிக்கட்டும் என்று விட்டிருந்தேன். நானூற்றுப் பன்னிரண்டு பேர் என்னைப் பின்தொடர்கிறார்கள். அதில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள், அவர்கள் படிப்பதில்லை. யாராவது ஒருத்தர் என் கதையைக் கவனமாகப் படிக்கமாட்டாரா என்று வருஷக்கணக்கில் ஏங்கியவள் நான். படித்துவிட்டார்கள்.

ஆனால் நான் பயந்தது அதனால் இல்லை. கடிதத்தின் தலைப்பில் ‘நிலுவை விவகாரங்களின் தேசிய இயக்குநரகம்’ என்று போட்டிருந்தது. அப்படி ஓர் அலுவலகம் உலகத்திலேயே கிடையாது. எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதைக் கற்பனை பண்ணி எழுதியவளே நான்தான். அந்த ‘பொறுமையே அஸ்திவாரம்’ என் வாக்கியம். கீழே கையெழுத்துப் போட்டிருந்த டாக்டர் சத்துர்னினோ தீகோனா என் வாடிக்கையாளர்.

எப்படி என்று சொல்கிறேன். என்கார்னா அக்காவின் ஜெராக்ஸ் கடையில் ஒரு மூலை என்னுடையது. ‘கதை, காதல் கடிதம், கல்யாணப் பேச்சு, இரங்கல் உரை, மனு எழுதித் தரப்படும். அழவைக்கத் தனிக் கட்டணம்’ என்று பலகை மாட்டியிருக்கிறேன். கதையில் சோறு வராது. மற்றதில் வரும். எல்லாவற்றையும்விட நன்றாக வருவது ஜனவரி 24, அலசிதாஸ் அன்றைக்கு.

அன்றைக்கு ஊரே தெருவில் நிற்கும். வேண்டியது எதுவோ அதைக் கட்டைவிரல் அளவில் வாங்க வேண்டும். வீடு, வேன், சிமென்ட் மூட்டை, பட்டச் சான்றிதழ், விவாகரத்துத் தீர்ப்பு, எல்லாம் பொடிசாகக் கிடைக்கும். மதியம் பன்னிரண்டு அடிக்கும்போது நாங்கள் யாதிரி என்று சொல்கிற பூசாரியிடம் நீட்டினால் அவர் புகை காட்டி, பூவிதழ் தூவி, சாராயம் தெளித்துக் கொடுப்பார். வருஷத்துக்குள் நிஜமாகவே வந்து சேரும். வராவிட்டால் நாம் சரியாகப் பன்னிரண்டுக்கு நீட்டவில்லை என்று அர்த்தம்.

நான் விற்பது நியமன ஆணை. போன அலசிதாஸில் சத்துர்னினோ வந்தார். ஐம்பது வயசு, பழைய கோட்டு, ஜென்மத்தில் ஒரு வேலையும் கிடைக்காத முகம்.

“மேடம், ஒரு வேலை வேணும்.”

“எந்த அமைச்சகம் அண்ணே? கல்வி, சுரங்கம், சுங்கம் மூணும் அடிச்சு ரெடியா இருக்கு. பேரு மட்டும்தான் எழுதணும்.”

“அதெல்லாம் வேணாம் மேடம். இந்தத் தெருவுல மட்டும் சுங்கத்துக்கு எரநூறு பேர் வாங்கிட்டுப் போயிருக்கான். சாமியே ஆனாலும் எத்தன பேருக்குத்தான் குடுக்கும்? யாரும் கேக்காத ஆபீஸா புதுசா ஒண்ணு எழுதிக் குடுங்க. அங்க கியூ இருக்காதுல்ல.”

எனக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துப்போனது. “என்ன வேலை தெரியும் உங்களுக்கு?”

“எதையும் முடிச்சதில்ல மேடம். ஆரம்பிச்சிருக்கேன். அதனால எதையும் முடிக்க வேண்டாத ஆபீஸா இருந்தா தேவல.”

அப்படிப் பிறந்ததுதான் நிலுவை இயக்குநரகம். உற்சாகத்தில் அவரை இயக்குநராகவே போட்டேன், கட்டணம் ஒன்றுதானே. அடியில், எறும்புக்கே கண்ணாடி தேவைப்படுகிற எழுத்தில், ‘இந்நியமனம் ஓராண்டுக்கு மட்டும் செல்லும்’ என்று சேர்த்தேன். அது என் தொழில் ரகசியம். வருஷா வருஷம் புதுப்பிக்க வந்துதானே ஆகவேண்டும்.

சம்மனை என்கார்னா அக்காவிடம் காட்டினேன். அவள் மெஷினை நிறுத்தாமலே படித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று நாலு நகல் எடுத்தாள்.

“நீ எதுக்குடி அவனத் தப்பிக்க விட்ட? கடைசில ஒரு போலீஸ்காரனக் கொண்டாந்து நிறுத்தியிருந்தா ஆச்சுல்ல.”

“அது கதைக்கா!”

“கதைன்னா முடிக்கணும். நான் அப்பவே சொன்னேன், நீ கேக்கல. சரி, போலீஸ்ல போய் இந்த ஆபீஸே நீ கட்டிவிட்டதுன்னு சொல்லிடேன்.”

“சொன்னா அரசாங்க ஆணையப் போலியாத் தயாரிச்சேன்னு உள்ள தள்ளுவாங்க.”

“அதுக்கு எத்தன வருஷம்?”

“எட்டு.”

“முப்பதுக்கு எட்டு பரவால்லயே,” என்றாள் அக்கா. எல்லாவற்றையும் விலை பேசியே பழகியவள்.

இயக்குநரகம் எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. எதிர்க் கட்டடத்தின் மூன்றாவது மாடி. அங்கிருந்து படி வழியாகத் தெருமுனை வரைக்கும் ஒரு வரிசை நிற்பதை மாசக்கணக்கில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் ஊரில் வரிசையைப் பார்த்தால் இது எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. ஒன்று, போய்ச் சேர்ந்துகொள்வோம். இல்லை, சுற்றிப் போவோம்.

நான் போய்ச் சேர்ந்துகொண்டேன். எனக்கு முன்னால் நின்ற பெரியவரிடம் எதற்கு நிற்கிறீர்கள் என்று கேட்டேன்.

“தெரியலம்மா. இது எட்டாவது தடவ. போன தடவ பாதி முடிஞ்சிருச்சுன்னு சொன்னாங்க. நல்ல மனுஷங்க,” என்றார்.

இரண்டாவது கவுண்டரில் ஓர் இளைஞன் என் சம்மனை வாங்கினான்.

“மெல்ச்சோர் சிர்ப்பாவோட அடையாள அட்டை, மூணு நகல்.”

“சார், அப்படி ஓர் ஆளே கிடையாது. நான் கற்பனை பண்ணினது.”

“கிடையாதுன்னு சான்றிதழ் இருக்கா?”

“அது எங்க குடுக்கறாங்க?”

“நாலாவது கவுண்டர்.”

நாலாவது கவுண்டர் அம்மாள் மிகவும் கனிவானவர். “இல்லாமைச் சான்றிதழ்தானே? ஒண்ணும் கஷ்டமில்ல. இல்லாதவர் நேர்ல வரணும். கூட ரெண்டு சாட்சி. அவர் இல்லாதத அவங்க கண்ணால பாத்திருக்கணும்.”

“நேர்ல வந்தா அவர் இருக்கார்னு ஆயிடுமே அம்மா?”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “அப்போ இருக்கிறவருக்கு இல்லைன்னு சான்றிதழ் கேக்கறீங்களா?” என்று கேட்டுவிட்டு, என் பெயரை ஒரு தனிக் காகிதத்தில் எழுதிக்கொண்டார். அந்தக் காகிதம் எந்தப் பெட்டிக்குள் போகிறது என்று பார்க்க முயன்றேன். பார்க்கவிடவில்லை.

அன்று வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கதையின் முடிவை மாற்றினேன். பஸ் கிளம்புகிறது, சோதனைச் சாவடியில் நிற்கிறது, இரண்டு போலீஸ்காரர்கள் ஏறி மெல்ச்சோரைப் பிடிக்கிறார்கள், அவன் அழுகிறான், திருந்துகிறான். வாந்தி வருகிற மாதிரி ஒரு முடிவு. அதைப் பகிர்ந்துவிட்டு, அச்செடுத்துக்கொண்டு ஓடினேன். ஏழாவது கவுண்டரில் கண்ணாடி போட்ட ஒருத்தர் வரிக்கு வரி படித்தார்.

“கதைக்குள்ள ஆஜர்படுத்தியிருக்கீங்க. நாங்க கேட்டது நேர்ல. அது போக, பழைய முடிவு இதவிட நல்லாருந்துச்சு.”

அவர் மேஜையில் ஒரு தடிமனான கட்டு இருந்தது. மேல்தாளில் என் பெயர். நான் இதுவரை எழுதிய அறுபத்தொரு கதைகளையும் அச்செடுத்து, ஓரத்தில் சிவப்புத் தாள் ஒட்டி வைத்திருந்தார்கள்.

“பதினாலு கொலை, ரெண்டு தீவைப்பு, ஒரு பாதிரியார் காணாமப் போனது,” என்றார் அவர் மரியாதையாக. “சூப்பு முடியட்டும். அப்புறம் ஒண்ணொண்ணா வருவோம்.”

முப்பதைப் பதினாலால் பெருக்கிப் பார்த்தேன். பாதிரியாரை விட்டுவிட்டேன்.

ஜனவரி இருபதாம் தேதி வரை தினமும் போனேன். தூக்கம் போய்விட்டது. தட்டில் போட்டதை அப்படியே மூடி வைத்தேன். தெருவில் இடது புருவத்தில் தழும்பு உள்ள யாராவது கண்ணில் படமாட்டார்களா, பிடித்துக் கொடுத்துவிடலாமே என்றுகூட நான் தேட ஆரம்பித்திருந்தேன். ஒரு நாள் மினிபஸ்ஸில் ஒருத்தரைப் பார்த்து, அவர் இறங்குகிற வரைக்கும் பின்னாலேயே போனேன். அவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அன்றைக்கு என்மேல் எனக்கே பயம் வந்தது.

இருபதாம் தேதி காலை பத்து மணி. பத்து மணி என்பது உள்ளே கறியும் சாறும் நிரம்பிய சல்தேஞா ரொட்டி தின்கிற நேரம் என்பதால் எல்லாக் கவுண்டர்களும் சாத்தப்பட்டன. அந்த நேரத்தில் வரிசைக்கு உரை நிகழ்த்துவது துணை இயக்குநர் சுல்மா அராந்தியாவின் வழக்கம். ஒரு சொட்டுச் சாறுகூட ரவிக்கையில் சிந்தாமல் சல்தேஞாவைக் கடித்துக்கொண்டே பேசக்கூடியவர் அவர்.

“குடிமக்களே! பதினோரு மாசத்துல இந்த இயக்குநரகம் ஒரு விவகாரத்தக்கூட முடிக்கலன்னு ஒரு பத்திரிகை எழுதியிருக்கு. பெருமையோட சொல்றேன், அது முழு உண்மை. முடிக்கிறது யார் வேணும்னாலும் செய்யலாம். அவசரப்படுறவன் முடிப்பான். முடிச்சுட்டா அது நிலுவை இல்ல. நிலுவை இல்லன்னா நாங்க எதுக்கு? நாங்க இல்லன்னா நீங்க காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு எங்க போவீங்க? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. உங்க வாழ்க்கைல உங்களுக்குன்னு ஒரு நம்பர் குடுத்து, அதச் சத்தமாக் கூப்பிடுற இடம் வேற எங்க இருக்கு?”

வரிசை கை தட்டியது. எனக்கு முன்னால் நின்ற பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் தட்டினேன். தட்டாதவர்களை ஒருத்தர் குறித்துக்கொண்டிருந்தார்.

சுல்மா விரலைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். “நேலிதா போமா? இயக்குநர் உங்கள மட்டும் தனியாப் பாக்கணும்னு சொல்றார்.”

பெரியவர் தொப்பியைக் கழற்றினார். பின்னால் யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

அறை பெரிதாக இருந்தது. சுவரில் ஒரு தங்க ஃபிரேம். அதற்குள் நட்ட நடுவில் என் கட்டைவிரல் அளவுக் காகிதம். நான் எழுதியது. சத்துர்னினோ டை கட்டியிருந்தார். எங்கள் ஊரில் டை கட்டினவர் எல்லாருமே டாக்டர். என்னைத் தெரியாதவர் மாதிரி நிமிர்ந்து பார்த்தார். சுல்மா வெளியே போனதும் எழுந்து வந்து கதவைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

கத்தலாமா என்று யோசிப்பதற்குள் மனுஷர் என் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

“மேடம், சத்தம் போட்டுறாதீங்க. உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்.”

“டாக்டர், நீங்கதானே என்னைக் கூப்பிட்டீங்க?”

“டாக்டர்னு சொல்லாதீங்க மேடம், நீங்க சொன்னாக் கேலி பண்ற மாதிரி இருக்கு. நான் ஒண்ணுமே பண்ணல. போன வருஷம் பூசாரி புகை காட்டினதும் ஆபீஸத் தேடி வந்தேன். இந்த மாடில ஒரு காலி ரூம். ஒரு மேசை. சுவத்துல ஒரு ஓட்டை. சும்மா உக்காந்தேன். ஒம்போது மணிக்குப் பாத்தா ஓட்டைக்கு வெளிய பதினோரு பேர். என்ன கேக்கறதுன்னு தெரியாம ‘நகல் எங்க’ன்னு கேட்டேன். எல்லாரும் தலையச் சொறிஞ்சுக்கிட்டு நாளைக்கு வர்றோம்னு போயிட்டாங்க. மறுநாள் முப்பது பேர் வந்தாங்க. மேலதிகாரிங்க வந்து கூட்டத்தப் பாத்துட்டு, ‘ஆள் பத்தலயா’ன்னாங்க. ஆமான்னேன். நாப்பத்திமூணு பேரக் குடுத்துட்டாங்க. ஆணையக் காட்டுன்னு கேட்டாங்க. அதோ, அதக் காட்டினேன். படிக்க முடியல. படிக்க முடியலன்னு ஒத்துக்க ஒருத்தருக்கும் மனசு வரல.”

“சரி. என்மேல எதுக்கு கேஸ்?”

அவர் என்னை ஜன்னலிடம் கூட்டிப் போனார். கீழே என்கார்னா அக்காவின் கடை தெரிந்தது. என் மூலையும், என் பலகையும்கூடத் தெரிந்தன.

“தினமும் நீங்க அங்க உக்காந்திருக்கீங்க. எழுதிட்டே இருக்கறப்ப யோசிக்க மேல பாப்பீங்க. நீங்க மேல பாக்கறப்பல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்குது மேடம். இந்த ஆபீஸ் பொய்னு இந்த ஊர்லயே தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தான். உங்க மேல எனக்குத் துளிகூடக் கோபம் கிடையாது. சூப்புக் கதைய நாலு தடவ படிச்சேன், என்ன எழுத்து! ஆனா நீங்க முப்பது வருஷம் உள்ள இருந்தா நான் நிம்மதியாத் தூங்குவேன்.”

இதைவிட அன்பாக யாரும் என்னை மிரட்டியதில்லை.

“கேஸ மூடிடுங்க அண்ணே. நான் யார்கிட்டயும் வாயத் திறக்கமாட்டேன்.”

“மூட முடியாது மேடம். இது எதையும் முடிக்காத ஆபீஸ். நீங்கதான அப்படி எழுதிக் குடுத்தீங்க? ஒப்படைக்கிறது மட்டும்தான் எங்க வேல. முடிக்கிறத போலீஸ் பாத்துக்கும்.”

பயத்தில் மனுஷனுக்குப் புத்தி கலங்கும் என்பார்கள். எனக்கு அன்றைக்கு நாக்கு கலங்கிவிட்டது. சொல்லக்கூடாத தொழில் ரகசியத்தைச் சொல்லிவிட்டேன். “உங்க ஆணை ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். இருபத்திநாலாம் தேதி மதியத்தோட முடியுது.”

அவர் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு சுவரிடம் ஓடினார். அடியில் இருந்த எறும்பு எழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார். திரும்பியபோது முகத்தில் ரத்தமே இல்லை.

“அப்ப, மதியத்துக்கு அப்புறம் நான் யாரு?”

“சத்துர்னினோ.”

“சும்மா சத்துர்னினோ இந்த நாற்காலில உக்காந்திருந்தா ஆள்மாறாட்டம் மேடம்! என்னையும் உள்ள போட்டுருவாங்க!”

பூட்டிய அறைக்குள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரே நாள், ஒரே மணி, இரண்டு பேருக்கும் ஜெயில். கடைசியில் அவர்தான் பேசினார்.

“எனக்கு இந்த வேலையே வேணாம். கொச்சபம்பால வெயில் அடிக்குமாம். அங்க கோழி வறுக்கற கடை ஒண்ணு எழுதிக் குடுத்துடுங்க. ஆனா இங்க நாற்காலி காலியா இருந்தா விசாரணை வரும். அப்ப நான் வந்த கதையும் வெளிய வரும். புது இயக்குநர்னு ஒரு பேரு போட்டு ஆணை எழுதிடுங்க.”

“யார் பேரப் போடறது?”

“உங்க இஷ்டம். கதை எழுதறவங்களுக்குப் பேருக்கா பஞ்சம்?”

அந்த நாலு நாளும் இதையே யோசித்தேன். உயிரோடு இருக்கிற யார் பெயரைப் போட்டாலும் அந்த ஆள் ஒரு நாள் ஜன்னல் வழியாகக் கீழே பார்ப்பான். என்னைப் பார்த்துப் பயப்படுவான். இல்லாத ஆளாக இருக்க வேண்டும். அப்போதுதான் அது பளிச்சென்று வந்தது. மெல்ச்சோர் சிர்ப்பா! இயக்குநரகத்தின் பதிவேட்டிலேயே அவன் பெயர் ஏறிவிட்டால் ஆஜர் ஆனதாகக் கணக்கு. நாற்காலி காகிதத்தில் நிரம்பியிருக்கும், நிஜத்தில் காலியாக இருக்கும். நாட்டில் பாதி அலுவலகங்கள் அப்படித்தான் ஓடுகின்றன. என் புத்திசாலித்தனத்தை நினைத்து, ஒரு மாசத்துக்குப் பிறகு முதல் தடவையாக வயிறாரச் சாப்பிட்டேன்.

இருபத்திநாலாம் தேதி மதியம், நெரிசலில் நாங்கள் இருவரும் பூசாரி முன்னால் நின்றோம். சத்துர்னினோ கையில் பொடிசாக ஒரு கோழிக் கடை. என் கையில் பொடிசாக ஆணை. இந்த முறை காலக்கெடு எதுவும் போடவில்லை. அவன் ஏன் திரும்பி வரவேண்டும்? மணி அடித்தது. புகை கண்ணைக் கரித்தது. பூசாரி சாராயத்தைத் தெளித்துக்கொண்டே என் காகிதத்தை உற்றுப் பார்த்தார்.

“யாரும்மா இது, உன் வீட்டுக்காரரா?”

“இல்ல சாமி. தெரிஞ்சவர்.”

“நல்லா வருவார்,” என்றார்.

ஆணையை ஃபிரேமில் மாற்றி மாட்டிவிட்டு சத்துர்னினோ அன்று மாலையே பஸ் ஏறினார். மறுநாள் என் கைபேசிக்கு ஒரு வறுத்த கோழிப் படம் வந்தது. அன்றைக்கே இயக்குநரகத்திலிருந்து என் வழக்கு பற்றிய கடிதமும் வந்தது: ‘மெல்ச்சோர் சிர்ப்பா நேரில் ஆஜரானார். நன்றி.’ எப்போதும் போல ஒரு பிழை இல்லை. காகிதத்தில் ஏற்றிவிட்டார்கள், திட்டம் பலித்தது என்று என்கார்னா அக்காவுக்கு சல்தேஞா வாங்கிக் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து வரிசை நகர ஆரம்பித்தது.

முதலில் யாரும் நம்பவில்லை. தெருமுனையில் நின்ற வால் பகுதி கட்டட வாசலுக்குப் போனது. அப்புறம் படிக்குப் போனது. எனக்கு முன்னால் நின்ற பெரியவர் ஒரு நாள் கடைக்கு வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

“என் விவகாரம் முடியப் போகுதும்மா! புது இயக்குநர் தங்கமான மனுஷன். அதட்டிப் பேசறதில்ல. ஒவ்வொருத்தரா உள்ள கூப்பிட்டு முடிச்சு அனுப்பிடறார். நாளைக்கு மதியம் எனக்கு.”

“அவரப் பாத்தீங்களா?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“கதவு வழியாப் பாத்தேன். புருவத்துல ஒரு தழும்பு இருக்கு, பாவம், சின்ன வயசுல விழுந்திருப்பார் போல.”

என்கார்னா அக்கா மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பெரியவர் நாலு நகல் எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. அவர் விவகாரம் முடிந்துவிட்டது என்று வரிசையில் பேசிக்கொண்டார்கள், பொறாமையோடு.

போன திங்கட்கிழமை சுல்மாவே கடைக்கு இறங்கி வந்தார். “நேலிதா மேடம், இயக்குநர் உங்களச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கார். உங்களுக்கு ரொம்பக் கடமைப்பட்டிருக்கேன்னு சொன்னார். ஊர்ல அவரப் பத்தி முழுசாத் தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தானாமே? நிலக்கடலை சூப் அவரே வச்சிருக்கார். நீங்க வர்றதுக்குள்ள ஊதி ஆத்தி வைக்கிறேன்னார்.”

ஓடலாம் என்றால் பஸ் நிலையத்தில் இயக்குநரகத்தின் புதுக் கவுண்டர் ஒன்று திறந்திருக்கிறார்கள். என்ன செய்வது என்று தெரியாமல், வாயில் வந்ததைச் சொன்னேன்.

“மேடம், இயக்குநரோட சாப்பிடறதுன்னா விண்ணப்பம் குடுக்க வேண்டாமா?”

சுல்மா திகைத்துப்போனார். பிறகு அவர் முகத்தில் மெதுவாக ஒரு மரியாதை படர்ந்தது. “ஆமா. நேர்ல போறது முறையில்ல. ரெண்டாவது கவுண்டர்ல ஆரம்பிக்கணும். விருந்து குடுக்கறவரோட அடையாள அட்டை மூணு நகல் வேணும்.”

“அவர்கிட்ட அட்டை இருக்கா?”

“இல்ல. கேட்டேன். விண்ணப்பிச்சிருக்காராம். வரிசைல இருக்கார்.”

ஆகவே நான் தினமும் காலை ஐந்து மணிக்கு வந்து வரிசையில் நிற்கிறேன். என் சாப்பாட்டு விவகாரம் நிலுவையில் இருக்கிறது. இந்த நாட்டில் இப்போது எனக்குப் பாதுகாப்பான இடம் இதுதான். சுல்மாவின் பத்து மணி உரைக்கு மனசாரக் கை தட்டுகிறேன். வேலை மளமளவென்று நடக்க வேண்டும் என்று யாராவது முணுமுணுத்தால் அவர்களோடு சண்டைக்குப் போகிறேன். பின்னால் வருகிறவர்களை ‘நீங்க போங்க, நீங்க போங்க’ என்று முன்னால் அனுப்புகிறேன். அவர்கள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். என்ன செய்ய? எனக்கு உயிர்மேல் ஆசை.

பன்னிரண்டு மணிக்கு மூன்றாவது மாடியிலிருந்து நிலக்கடலை வேகிற வாசனை படி முழுக்க இறங்கி வருகிறது. வரிசையில் எல்லோரும் மூக்கை உறிஞ்சி, ஆஹா என்கிறார்கள்.

இன்று காலை அனுப்புவதற்குப் பின்னால் யாரும் இல்லை. இயக்குநர் கதவுக்கும் எனக்கும் நடுவில் நாலு பேர் இருக்கிறார்கள்.

மூன்று பேர்.